டச்பேடை மவுஸ் ஆக்கியது யார்?

முந்தாநாள் சாயங்காலம் வண்டன்மேட்டிலிருந்து தம்பி போன் செய்தான். "அக்கா, ரெண்டு விரல் வச்சா ஷீட்டு ஓடுது. கர்சர் ஆடல." அவ்வளவுதான், வைத்துவிட்டான். இந்த ரெண்டு வரியைக் கேட்க எனக்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆயிற்று. நடுவில் ஒரு லேப்டாப்பை மூன்று முறை பிரித்துப் பூட்டினேன், 850 ரூபாய்க்குத் தேவையே இல்லாத ஒரு பாகத்தை வாங்கினேன், கடைசியில் குற்றவாளியைப் பிடித்தபோது அது நானாகவே இருந்தேன். சூடு ஆறுவதற்குள் எழுதி வைக்கிறேன்.

கம்பத்தில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். தம்பி மலைக்கு மேலே, கேரளத்தில் இருக்கும் வண்டன்மேட்டில் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறான். காலையில் கம்பம்மெட்டு வழியாக ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளில் ஒன்றில் அவனும் திங்கட்கிழமை ஏறினால் சனிக்கிழமைதான் இறங்குவான். அவனிடம் இருப்பது நான் கொடுத்த பழைய லேப்டாப். விண்டோஸுக்குப் பதிலாக அதில் ஓடுவது லினக்ஸ் மின்ட் 21, எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, போட்டதும் நான்தான்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஸ்டோர் ரூமில் எலி அவனுடைய யூஎஸ்பி மவுசின் வயரைக் கடித்துவிட்டது. சரி, கீபோர்டுக்குக் கீழே விரலால் தடவும் டச்பேடை வைத்துச் சமாளிக்கலாம் என்று பார்த்தால் அது "செத்துக் கிடக்குதுக்கா" என்றான். இரண்டு விரலால் ஸ்க்ரோல் ஆகவில்லை. அதைவிடப் பெரிய தொல்லை வேறு. காய் எடுப்பு நடக்கும் நேரம். யார் யார் எத்தனை கிலோ பச்சைக்காய் எடுத்தார்கள் என்று சாயங்காலம் எடை போட்டதும் ஷீட்டில் ஏற்ற வேண்டும். அவன் டைப் அடிக்கும்போது உள்ளங்கை டச்பேடில் லேசாகப் பட்டால் போதும், க்ளிக் ஆகி வேறு வரிக்குத் தாவிவிடும். ஒரு அக்கா எடுத்த 14 கிலோ, மூன்று வரி தள்ளி இன்னொருவர் பேரில் ஏறிவிட்டது. கூலி வாங்கும்போது அந்த அக்கா அவனைக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார். கங்காணி நோட்டில் 14 என்று இருந்ததால் பிழைத்தான்.

முதலில் செட்டிங்ஸைத் திறந்தேன். மவுஸ், டச்பேட் என்று ஒரு பக்கம் உண்டு. டச்பேட் இருந்தால் அதற்கென்று தனி டேப் வரும்; தட்டினால் க்ளிக் ஆவது, டைப் அடிக்கும்போது டச்பேடை நிறுத்துவது எல்லாம் அங்கேதான். அந்த டேபே இல்லை. பார்த்ததும் முடிவு கட்டிவிட்டேன்: டச்பேட் போச்சு, ஹார்டுவேர் கோளாறு. கர்சர் நகர்கிறதே, செத்த பேடு எப்படி நகர்த்தும் என்று அந்த நிமிஷம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் மிச்சத்தை எழுத வேண்டியே வந்திருக்காது. கேட்கவில்லை. கையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது.

பேட்டரியைக் கழற்றி, பின்பக்கம் 13 ஸ்க்ரூ. கழற்றிய ஸ்க்ரூக்களைப் பழைய இட்லித் தட்டில் குழிக்கு இரண்டாகப் போட்டு வைப்பேன். நீளம் மாறிப் போட்டால் மேல்பக்கம் குத்திக்கொண்டு வரும். இதில் நடுவில் இருக்கும் இரண்டு மட்டும் குட்டை. கீபோர்டை நெம்ப பழைய சிம் கார்டு போதும். மூடி திறந்ததும் குப்பென்று ஏலக்காய் வாசம் வந்தது. ஃபேனைச் சுற்றி காய்த் தோல் தூள் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது, இரண்டு விதைகூடக் கிடைத்தது. ஒன்றை வாயில் போட்டுக்கொண்டேன்.

டச்பேடுக்கும் போர்டுக்கும் நடுவில் காகிதம் மாதிரி ஒரு ரிப்பன் கேபிள். அதன் சாக்கெட்டில் கறுப்பாக ஒரு மெல்லிய பூட்டு இருக்கும், நகத்தால் மேலே தூக்கினால் கேபிள் தானாகக் கழன்று வரும். தூக்காமல் இழுத்தால் சாக்கெட் போய்விடும், அங்கே அவசரம் கூடாது. ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் கேபிள் முனையைத் துடைத்தேன். துரு இல்லை, மலைப்பனிக்குப் பச்சை பூத்திருக்கும் என்று எதிர்பார்த்தேன், அதுவும் இல்லை. காயவிட்டு, பூட்டிப் போட்டால் அதே கதை.

அடுத்த மடத்தனம், புது டச்பேட். அதாவது பழைய லேப்டாப்பில் கழற்றிய பேடு, ஆன்லைனில் 850 ரூபாய். வர ஆறு நாள். அதுவரை லேப்டாப் என்னிடம், தம்பிக்கு ஆபீஸ் கம்ப்யூட்டர், அதற்கு என் கடை மவுஸைக் கடன் வாங்கிப் போனான். வந்ததும் மறுபடி 13 ஸ்க்ரூ, மறுபடி இட்லித் தட்டு. மாட்டி ஆன் செய்தேன். இரண்டு விரல் வைத்தேன். நகரவில்லை. டேப் இல்லை. உள்ளங்கை பட்டால் க்ளிக். அச்சு அசலாக அதே நோய்.

பணம் போனாலும் இங்கேதான் ஒரு உபயோகம் நடந்தது. இரண்டு வெவ்வேறு பேடு ஒரே மாதிரி கெட்டிருக்காது. அப்போதுதான் பென்டிரைவ் ஞாபகம் வந்தது. கடையில் மின்ட் போட்ட லைவ் பென்டிரைவ் எப்போதும் ஒன்று இருக்கும். இன்ஸ்டால் செய்யாமல் அதிலேயே பூட் செய்து பார்க்கலாம். எஃப்12 அமுக்கி பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தேன். டெஸ்க்டாப் வந்தது. பிரவுசரைத் திறந்து இரண்டு விரல் வைத்தால் பக்கம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. நாலு நிமிஷ வேலை. முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

ஆக, பேடு நன்றாக இருக்கிறது. ஹார்டு டிஸ்கில் இருக்கும் மின்ட்டுக்குத்தான் ஏதோ பிடித்திருக்கிறது.

லினக்ஸின் அடிமட்டத்தில் இருந்து ஹார்டுவேரோடு பேசும் கர்னல் எந்தெந்த இன்புட் சாதனத்தை என்ன பேரில் பார்க்கிறது என்பது ஒரு ஃபைலில் வரிசையாக இருக்கும். புராக் ஃபோல்டருக்குள் பஸ், அதற்குள் இன்புட், அதற்குள் டிவைசஸ். ஃபைலில் இருப்பதைக் காட்டும் கேட் (cat) கமாண்டு போட்டால் போதும். லைவ் பென்டிரைவில் அதைப் பார்த்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதினேன்: "இடிபிஎஸ்/2 எலன்டெக் டச்பேட்". ஹார்டு டிஸ்கில் பூட் செய்து அதே ஃபைலைத் திறந்தேன்: "ஐஎம்பிஎஸ்/2 ஜெனரிக் வீல் மவுஸ்". அந்த நேரம் லேப்டாப்பில் எந்த மவுசும் சொருகியிருக்கவில்லை. வீல் என்று ஒன்று அந்தப் பேடில் எங்கே இருக்கிறது?

எல்லாம் அங்கே தெளிந்துவிட்டது. டச்பேடை மவுஸ் என்றே எடுத்துக்கொண்டதால் டச்பேட் டேப் இல்லை. டைப் அடிக்கும்போது நிறுத்து என்று சொல்லவும் இடமில்லை. தட்டினால் க்ளிக் என்பதை பேடுக்குள் இருக்கும் சிப்பே தன் பாட்டுக்குச் செய்து, சாதாரண மவுஸ் க்ளிக்காக அனுப்பிக்கொண்டிருந்தது. அதனால்தான் 14 கிலோ மூன்று வரி தாவியது.

தெளிந்த பிறகும் ஒரு நாள் வீணாக்கினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். டிரைவர் பிரச்சினை என்று நினைத்து சினாப்டிக்ஸ் டிரைவர் பேக்கேஜை இன்ஸ்டால் செய்தேன். ஒன்றும் மாறவில்லை. மவுஸ், டச்பேட் செட்டிங்ஸை மாற்றும் எக்ஸ்இன்புட் கமாண்டில் என்னென்னவோ ஆப்ஷன் போட்டேன், "அப்படி ஒரு பிராப்பர்ட்டி இல்லை" என்று திட்டு வாங்கினேன். பழைய கர்னலில் பூட் செய்தேன். கர்னலே கீழே இருந்து மவுஸ் என்று சொல்லி அனுப்பினால் மேலே இருக்கிற டிரைவர் அதை டச்பேட் ஆக்க முடியாது. இதைப் புரிந்துகொண்டு சினாப்டிக்ஸைக் கழற்ற ராத்திரி பதினொன்று ஆகிவிட்டது. கடை ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தேன். பக்கத்து டீக்கடை அண்ணன் எட்டிப் பார்த்து, "என்னம்மா, ஆதார் சைட்டு மறுபடி டவுனா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் நேராகக் கர்னலிடமே போனேன். இந்த மாதிரி பேடைக் கவனிக்கும் கர்னல் மாட்யூலின், அதாவது கர்னலில் தனியாக ஏற்றி இறக்கக்கூடிய துண்டின், பேர் பிஎஸ்மவுஸ். அதைக் கழற்றி மறுபடி ஏற்றலாம். மோட்புரோப் கமாண்டில் மைனஸ் ஆர் போட்டால் கழலும், போடாமல் கொடுத்தால் ஏறும். கழற்றிய நொடியில் கர்சர் செத்துவிடும், அதனால் டெர்மினலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும். கழற்றி ஏற்றினேன். மறுபடியும் வீல் மவுஸ்.

இந்த மாட்யூலுக்கு புரோட்டோ என்று ஒரு ஆப்ஷன் உண்டு. எந்த வகை வரைக்கும் தேடிப் பார்க்க வேண்டும் என்று அதில் சொல்லலாம். "பேர்" (bare), இம்ப்ஸ், எக்ஸ்ப்ஸ், எனி என்கிற மாதிரி சொற்களை எடுக்கும். "பேர்" என்றால் வெறும் மவுஸ், இம்ப்ஸ் என்றால் சக்கரம் வைத்த மவுஸ், எனி என்றால் தெரிந்த எல்லா வகையையும் தேடு. எதுவும் சொல்லாவிட்டால் எல்லாவற்றையும் தேட வேண்டும், அதுதான் வழக்கம். சும்மா சோதனைக்கு புரோட்டோ ஈக்குவல் எனி என்று கையால் கொடுத்து ஏற்றினேன். கர்னல் தன் வேலையைக் குறித்து வைக்கும் டிமெசேஜில் "எலன்டெக்" என்று வரி வந்தது. இரண்டு விரல் வைத்தேன். ஓடியது!

சந்தோஷத்தைவிட சந்தேகம்தான் அதிகம் வந்தது. வழக்கமே எனி என்றால் நான் ஏன் அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது? யாரோ முன்னாடியே வேறு எதையோ சொல்லி வைத்திருக்க வேண்டும். மாட்யூல்களுக்கான ஆப்ஷன் எல்லாம் இடிசி ஃபோல்டரில் மோட்புரோப்.டி என்ற இடத்தில் இருக்கும். அங்கே பிஎஸ்மவுஸ் என்ற சொல்லை கிரெப் போட்டுத் தேடினேன். ஒரே ஒரு ஃபைல் வந்தது. பேர் "தம்பி-டச்பேட்.கான்ஃப்". உள்ளே இரண்டு வரி. முதல் வரி கமெண்ட்: "தற்காலிகம், அப்புறம் பார்க்கணும், 19-08-2023". இரண்டாவது வரி, பிஎஸ்மவுஸுக்குப் புரோட்டோ ஈக்குவல் இம்ப்ஸ் என்ற ஆப்ஷன்.

தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கும்போது "அப்புறம்" என்பதை நான் எப்போதும் ஒரு எழுத்து விட்டுத்தான் அடிப்பேன். அந்தப் பிழையோடு இருந்தது. மறுக்க வழியில்லை.

அப்புறம்தான் எல்லாம் ஞாபகம் வந்தது. 2023 ஆவணியில் தம்பி, எஸ்டேட்டில் கர்சர் தானாக ஆடுகிறது என்று கொண்டு வந்தான். கடையில் ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தும் ஆடவே இல்லை. அவனுக்கு ஜீப்புக்கு நேரமாகிவிட்டது. பேடை வெறும் மவுஸ் மாதிரி நடத்தினால் ஆட்டம் குறையும் என்று எங்கேயோ படித்ததை நம்பி அந்த வரியை எழுதிக் கொடுத்து அனுப்பினேன். "பாதி பரவால்லக்கா" என்றான், கையோடு 350 ரூபாய்க்கு ஒரு யூஎஸ்பி மவுஸும் வாங்கிக்கொண்டான். டச்பேடை அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. எலி கடிக்கும் வரைக்கும்.

ஃபைலை அழித்தேன். அதோடு விடக்கூடாது, பூட் ஆகும்போது முதலில் ஏறும் சின்ன ஃபைல் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸில் அதன் நகல் இருக்கும். அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கமாண்டை மைனஸ் யூ போட்டு ஓடவிட்டு, ரீஸ்டார்ட் செய்தேன். டச்பேட் டேப் வந்து உட்கார்ந்திருந்தது. டைப் அடிக்கும்போது நிறுத்து என்பதில் டிக் போட்டேன். பழைய பேடையே திரும்ப மாட்டினேன், மூன்றாவது இட்லித் தட்டு.

திங்கட்கிழமை லேப்டாப் மலை ஏறியது. செவ்வாய்க்கிழமை போன். "அக்கா, கர்சர் பேயாட்டம் ஆடுது."

இப்போது கோபம் வரவில்லை, ஒரு விதத்தில் நியாயம்தான். மறைத்து வைத்த பழைய கோளாறு வெளியே வந்திருக்கிறது. இந்த முறை ஸ்க்ரூடிரைவரைத் தொடாமல் கேள்வி கேட்டேன். சார்ஜரைப் பிடுங்கினால்? பிடுங்கிப் பார்த்துவிட்டு, "நின்னுருச்சு" என்றான். மறுபடி சொருகினால்? ஆடுகிறது. லேப்டாப்பின் ஓரத்தில் இரும்பு தெரியும் இடத்தைப் புறங்கையால் தடவச் சொன்னேன். "சுருசுருன்னு ஏறுது." சார்ஜர் மூன்று பின்தானே? ஆமாம். எதில் சொருகியிருக்கிறான்? எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்.

சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு மல்டிமீட்டர், டெஸ்டர், கட்டிங் பிளேயர், ஹோல்டரோடு ஒரு 60 வாட்ஸ் குண்டு பல்பு எல்லாம் பையில் போட்டு ஜீப் ஏறினேன். வளைவுகளில் வழக்கம்போல மழை, மேலே போனால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மூடுபனி.

சார்ஜர் சொருகியபடி, மீட்டரை ஏசியில் வைத்து ஒரு முனையை லேப்டாப்பில் மானிட்டர் சொருகும் விஜிஏ போர்ட்டின் இரும்பு ஓரத்திலும் மறு முனையைச் சுவர் சாக்கெட்டின் எர்த் ஓட்டையிலும் வைத்தேன். 94 வோல்ட். பயப்பட வேண்டாம், கரண்ட் மிகக் குறைவு, ஆள் அடிக்காது. ஆனால் டச்பேடுக்கு விரல் எது, இரைச்சல் எது என்று தெரியாமல் போக இது போதும். என் கடையில் இதே அளவு 0.3 வோல்ட்தான் இருந்தது, கிளம்புவதற்கு முன்னால் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அங்கே கர்சர் ஆடாததன் ரகசியம் அவ்வளவுதான்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் திருப்பிப் பார்த்தேன். மேலே மூன்று ஓட்டை, ஜம்பமாக. பின்னால் வருவதோ சிவப்பும் கறுப்பும் முறுக்கிய இரண்டு வயர். எர்த் ஓட்டை வெறும் அலங்காரம், சார்ஜரில் கசிவது இறங்க வழியே இல்லை. எஸ்டேட் வயரிங் பார்க்கும் சேட்டன் வந்து நின்று பார்த்துவிட்டு, "எர்த் சுவரில் உண்டு, பாக்ஸில் இல்ல" என்று பாதித் தமிழில் சிரித்தார். சுவரில் உண்டு என்பதையும் சோதித்துக்கொண்டோம். மீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 228 காட்டியது, ஆனால் மீட்டரை மட்டும் நம்பக்கூடாது, அறுந்த எர்த்திலும் அது ஏதாவது ஒரு எண் காட்டும். பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் போட்டார் சேட்டன். முழு வெளிச்சத்தில் எரிந்தது. அந்த ஆபீஸில் ஈஎல்சிபி, அதாவது கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச், இல்லை. இருந்திருந்தால் பல்பு போட்டதுமே ட்ரிப் ஆகியிருக்கும்.

மெயினை ஆஃப் செய்துவிட்டு, நாலு மீட்டர் மூன்று கோர் வயர், புது மூன்று பின் பிளக் டாப். பச்சையைப் பெரிய பின்னில், பாக்ஸில் மூன்று சாக்கெட்டின் எர்த்தையும் சேர்த்து ஒரே பச்சையில் இணைத்தேன். வயர் மீட்டர் 55 வீதம் 220 ரூபாய், பிளக் டாப் 70. முக்கால் மணி நேரம். மறுபடி மீட்டரை வைத்தால் 0.6 வோல்ட். தம்பி புறங்கையால் தடவிப் பார்த்து, "எதுவும் ஏறல" என்றான். கர்சர் நடு ஷீட்டில் சொன்ன இடத்தில் நின்றது. ஆனாலும் இரண்டு வாரம் வேலை பார்த்துவிட்டுச் சொல் என்று சொல்லிவிட்டு வந்தேன், அந்த போன்தான் முந்தாநாள் வந்தது.

செலவுக் கணக்கு பார்த்தால் உண்மையான வைத்தியத்துக்கு 290 ரூபாய். நான் செய்த வைத்தியத்துக்கு 1,140, ஜீப் டிரைவர் அண்ணன் காசு வாங்காததால். அடுத்த முறை வரிசை இப்படித்தான்: முதலில் சார்ஜரைப் பிடுங்கிப் பார்ப்பேன், அப்புறம் லைவ் பென்டிரைவ், அப்புறம் அந்த டிவைசஸ் ஃபைல், அதற்கும் பிறகுதான் இட்லித் தட்டு. உபரி டச்பேட் கல்லாப் பெட்டிக்குக் கீழே அட்டைப் பெட்டியில் கிடக்கிறது. அதே மாடல் யாராவது கொண்டு வந்தால் 600க்குக் கொடுத்துவிடுவேன்.

நேற்று கடையில் கூட்டமில்லை. என்னுடைய மூன்று கம்ப்யூட்டரிலும் மோட்புரோப்.டியைத் திறந்து பார்த்தேன். ஒன்றில் இன்னொரு "தற்காலிகம், அப்புறம் பார்க்கணும்" இருந்தது. பிரிண்டருக்காக எழுதியது. அந்தப் பிரிண்டரைப் பழைய இரும்புக்குப் போட்டு ஒரு வருஷம் ஆகிறது.